அழுகை வருகிறது, காசிம் வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 24, கொக்குவிலில் இருக்கிறேன். எங்கள் குழு போடுகிற ஒரு மணி நேர நாடகத்தில், 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட காசிம் என்ற முஸ்லிம் தையல்காரராக நடிக்கிறேன். முதல் காட்சியில் இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார்கள். கடைசிக் காட்சியில் 2010இல் திரும்பி வந்து இடிந்த வீட்டைப் பார்க்கிறார். மனதைத் தயார்ப்படுத்துவதற்காக ஒரு மாதமாக ஒவ்வொரு இரவும் போனில் இடப்பெயர்வு பற்றிய ஆவணப்படங்கள் பார்க்கிறேன். எங்கள் நாட்டுப் படங்கள், பலஸ்தீனம், பொஸ்னியா எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது முதல் வசனத்திலேயே கண்ணீர் வந்துவிடுகிறது. ஆனால் நெறியாளர், 'நீ அழுகிறாய், காசிம் இன்னும் வரவில்லை' என்கிறார். 1995 இடப்பெயர்வில் அம்மா பட்ட பாட்டையும் நினைத்துக்கொண்டுதான் நடிக்கிறேன். இரவில் நித்திரை குறைந்துவிட்டது. இன்னும் பார்க்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா? மேடையேற்றத்தன்று ஏதாவது பார்த்துவிட்டுப் போகலாமா? ஒரு தமிழன் இந்தப் பாத்திரத்தைச் செய்வது சரியா என்ற யோசனையும் இருக்கிறது.

பதில்:

தம்பி, உங்கள் நெறியாளர் விசயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். அவர் ஒரு வரியில் சொன்னதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஆவணப்படம் பார்க்கிறபோது உங்களுக்கு வருவது பார்வையாளரின் அழுகை. அது வர வேண்டும் என்றுதான் படத்தை அப்படித் தொகுத்திருக்கிறார்கள். ஒரு தாய் மூன்று மணி நேரம் கதைத்திருப்பார். அதில் குரல் உடைந்த இரண்டு நிமிடத்தை வெட்டி எடுத்து, கமெராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், அடியில் ஒரு வயலினையும் இழுத்துவிடுவார்கள். (அந்த வயலின் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.) நீங்கள் இளகின மனம் உள்ள பிள்ளை, அழுதுவிட்டீர்கள். அடுத்த நாள் அதே அழுகையோடு ஒத்திகைக்குப் போகிறீர்கள். அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரிவது காசிமுக்காகப் பரிதாபப்படுகிற ஒரு பொடியன். தனக்காகப் பரிதாபப்பட அன்று காசிமுக்கு நேரம் எங்கே இருந்தது?

காலக் கணக்கைப் பாருங்கள். 1990 ஒக்ரோபர் 30, செவ்வாய்க்கிழமை. யாழ் நகரத்து முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் சொன்னார்கள். அந்த ஒக்ரோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் போய் இறங்கினார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். காசிமுக்குத் தெரியாது. இரண்டு கிழமையில் திரும்பலாமா, இரண்டு மாதம் ஆகுமா, ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டார்களா, யாராவது பெரியவர்கள் போய்க் கதைத்தால் சரிவருமா என்று எல்லாமே அவருக்குக் கேள்விதான். நீங்கள் பார்த்த படங்களில் சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் பத்து, இருபது வருடம் கழித்துக் கதைக்கிறார்கள். முடிவு தெரிந்த குரல் அது. அந்தக் குரலை எடுத்து, முடிவு தெரியாத ஒருவரின் வாயில் வைத்துவிட்டீர்கள். அதுதான் முதல் காட்சி கெட்டதற்குக் காரணம். கடைசிக் காட்சிக்கு அந்தக் குரல் உதவும், அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தையல்காரர் என்னென்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தீர்களா? கடையில் ஊர்ச்சனம் தைக்கக் கொடுத்த துணி கிடக்கிறது. வெட்டியது பாதி, வெட்டாதது பாதி, தைத்து முடித்துப் பட்டன் வைக்காதது இரண்டு. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதின துண்டு குண்டூசியால் குத்தி இருக்கும். அவற்றை என்ன செய்வது? பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவதா? அளவுக் கொப்பியை எடுப்பதா? மெசினைத் தூக்க ஏலாது. கத்தரிக்கோலை எடுக்கலாம், ஆனால் அதை வைத்திருந்தால் வழியில் பிரச்சினை வருமா? அட்வான்ஸ் வாங்கின காசு இருக்கிறது, அது யாருடைய காசு? குசினியில் மனைவி உலையை இறக்குவதா வேண்டாமா என்று கேட்கிறார். இதற்குள் திறப்பை எங்கே வைத்தோம் என்று வேறு தேட வேண்டும். இவ்வளவு வேலை இருக்கிற மனிதர் முதல் வசனத்திலேயே அழ மாட்டார். அழுகை வந்தாலும் தள்ளி வைப்பார். தள்ளி வைக்கிறதை நீங்கள் நடித்தால், அழுகிற வேலையைச் சனம் பார்த்துக்கொள்ளும்.

நாளைக்கே ஒரு தையல் கடைக்குப் போங்கள். உள்ளே இருக்க விடுவார்களா என்று கேட்டு, ஒரு மூலையில் அரை நாள் இருங்கள். அளவு நாடா கழுத்தில் கிடக்கிறபோது முதுகு எப்படி வளைகிறது, ஊசியை வாயில் பிடித்துக்கொண்டு எப்படிக் கதைக்கிறார், வாடிக்கையாளர் வந்தால் முகத்தைப் பார்க்கிறாரா, உடுத்திருக்கிற சேட்டின் தோள்தையலைப் பார்க்கிறாரா. நீங்கள் பார்த்த ஒரு மாதத்துப் படங்களை விட அந்த அரை நாள் உங்களுக்குக் கூடுதலாகத் தரும்.

இப்படிச் சொல்வதால் நான் ஆவணப்படங்களுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். என் மாணவர்களுக்கு நானே போட்டுக் காட்டுவேன். எதற்காகப் பார்க்கிறோம் என்பதில்தான் விசயம் இருக்கிறது.

குளோட் லான்ஸ்மன் எடுத்த 'ஷோவா' என்ற படம் 1985இல் வந்தது. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். யூத இன அழிப்பைப் பற்றியது, ஆனால் பழைய காட்சித் துண்டு ஒன்றுகூட அதில் கிடையாது. எல்லாம் பின்னால் எடுத்த சாட்சியங்கள். அதில் ஆபிரகாம் பொம்பா என்ற முடிதிருத்துநர் வருகிறார். திரெப்லிங்கா முகாமில், கொல்லப்படப் போகிற பெண்களின் தலைமுடியை வெட்டும்படி பணிக்கப்பட்டவர். லான்ஸ்மன் அவரைக் கதிரையில் இருத்திப் பேட்டி எடுக்கவில்லை. தெல் அவிவில் ஒரு சலூனை வாடகைக்கு எடுத்து, ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே கதைக்க வைத்தார். வடிவாகக் கவனியுங்கள்: நெடுநேரம் பொம்பாவின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. இத்தனை பேர், இவ்வளவு நேரம், இப்படித்தான் வெட்டினோம் என்று தொழில் விளக்கம் சொல்வது போலச் சொல்கிறார். என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டால், அங்கே எதையும் உணர்வதே கடினம் என்கிற மாதிரிப் பதில் வருகிறது. பிறகு, தன்னோடு வேலை செய்த ஒரு நண்பரின் மனைவியும் சகோதரியும் உள்ளே வந்த கதைக்கு வருகிறார். அங்கே வாய் நின்றுவிடுகிறது. துவாயால் முகத்தைத் துடைக்கிறார். கதைக்க மறுக்கிறார். லான்ஸ்மன் விடவில்லை, சொல்லத்தான் வேண்டும் என்கிறார். கடைசியில் சொல்லி முடிக்கிறார்.

அந்தக் காட்சியைப் பார்த்து நீங்கள் அழலாம், தடையில்லை. அழுது முடித்த பிறகு ஒலியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். கத்தரிக்கோல் எப்போது வேகமாகிறது, எப்போது சும்மா காற்றை வெட்டுகிறது, கண்ணாடியில் யாரைப் பார்க்கிறார், உதட்டை எப்போது அழுத்துகிறார். ஒரு கொப்பியில் வினைச்சொற்களை மட்டும் எழுதுங்கள். துடைத்தார், திரும்பினார், நின்றார், விழுங்கினார். 'வேதனைப்பட்டார்' என்று எழுதினால் வெட்டிவிடுங்கள். மேடையில் வேதனையைச் செய்ய ஏலாது, துடைக்கலாம், திரும்பலாம். பிறகு ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேளுங்கள். மூச்சை எங்கே எடுக்கிறார், எந்தச் சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடுகிறார் என்பது அப்போதுதான் பிடிபடும். இப்படி ஒரே காட்சியைப் பலமுறை பார்த்தால் உங்கள் கண்ணீர் தானாகக் குறையும். குறையட்டும். உங்கள் கண் அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கும்.

ரித்தி பான் என்ற கம்போடிய இயக்குநர், கெமர் ரூஜ் ஆட்சிக் காலத்துச் சிறை ஒன்றைப் பற்றி எடுத்த 'எஸ் 21' படமும் இந்த வகைக்கு உதவும். 2003இல் வந்தது. பழைய சிறைக்காவலர் ஒருவர், ஆளே இல்லாத அறைக்கு முன்னால் நின்று, இரவுக் காவலில் தான் செய்ததை அப்படியே செய்து காட்டுகிறார். பூட்டை இழுத்துப் பார்க்கிறார், கைதிகளை அதட்டுகிறார். இத்தனை வருடம் கழித்தும் உடம்பு அதை மறக்கவில்லை. அதைப் பார்த்தால் நான் மேலே சொன்ன தையல் கடை ஏன் முக்கியம் என்று விளங்கும்.

இன்னொன்று. கமெரா வைத்ததெல்லாம் அசல் என்று நம்ப வேண்டாம். 1922இல் வந்த, பனிப்பிரதேசத்து இனுயிற் மக்களைப் பற்றிய 'நானூக்' என்ற ஆவணப்படத்திலேயே, உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று பாதிச் சுவர் மட்டும் உள்ள பனிவீடு ஒன்றைக் கட்டித்தான் படம் எடுத்தார்கள். சாட்சி சொல்கிற எந்த மனிதரும் கமெராவுக்கு முன்னால் தன்னைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக்கொண்டுதான் இருப்பார். அந்த ஒழுங்குபடுத்தலும் உங்களுக்குப் பாடம்தான். நல்ல சேட் போட்டுக்கொண்டு வந்து, பின்னால் தெரிகிற சாமானை ஒதுக்கி வைத்துவிட்டுத் தன் இழப்பைச் சொல்ல உட்காருகிற மனிதரைக் கவனியுங்கள். எங்கள் ஊர் ஆட்களிடம் இதை நிறையப் பார்ப்பீர்கள்.

சரி, அம்மாவின் கதைக்கு வருவோம். நடிகர் தன் சொந்த வாழ்க்கை நினைவைத் தொட்டு உணர்ச்சியை வரவழைக்கிற 'உணர்ச்சி நினைவு' என்ற முறையை ரஷ்ய நாடக நெறியாளர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி பேசினார், அமெரிக்காவில் நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பர்க் அதைப் பெரிதாக வளர்த்தார். அவரே ஏழு வருடத்துக்கு உட்பட்ட நினைவுகளைத் தொட வேண்டாம் என்று எச்சரித்தவர். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி தன் கடைசிக் காலத்தில் உடற்செயல்கள் பக்கம் சாய்ந்துவிட்டார். 1934இல் அமெரிக்க நடிகை ஸ்டெல்லா அட்லர் பாரிசில் அவரைச் சந்தித்துத் திரும்பிய பிறகு, பாத்திரத்தின் சூழ்நிலைதான் முதலில், சொந்த நினைவு பிறகு என்று வாதாடினார். நான் அட்லர் பக்கம். உங்கள் விசயத்தில் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1995 உங்கள் நினைவே இல்லை, நீங்கள் பிறக்க முன் நடந்தது. அம்மா சொல்லிச் சொல்லி உங்களுக்குள் வந்தது.

அதை விடப் பெரிய விசயம், 1990, 1995 என்ற அந்த இரண்டு வருடங்களின் ஒக்ரோபர் 30உம் ஒன்றில்லை. 1995இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே கிளம்பியது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினபோது முன்னால் போனவரும் பின்னால் வந்தவரும் உங்கள் அம்மாவின் அயலவர்கள்தான். 1990இல் ஒரு தெருவைப் போகச் சொன்னார்கள், பக்கத்துத் தெரு இருந்தது. காசிம் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவர் சேட் தைத்துக் கொடுத்த ஆட்களே நின்றிருப்பார்கள். சிலர் அழுதிருப்பார்கள், சிலர் கதவைச் சாத்தியிருப்பார்கள், அனேகம் பேருக்குப் பயம். பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு முன்னால் வெளியேறுவது வேறு ஒரு அனுபவம். அம்மாவின் நினைவை வைத்து அதை நிரப்பினால், காசிமின் கதையின் நடுப்பகுதியே காணாமல் போய்விடும். அந்த நினைவு வீணில்லை, இந்த நாடகத்தில் அயல்வீட்டுக்காரராக வருகிற நடிகருக்கு அதைக் கொடுங்கள். நிற்கிறவருக்கு ஐந்து வருடத்தில் என்ன வரப்போகிறது என்று அவருக்கும் தெரியாது.

தமிழன் இதைச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம் என்பது என் எண்ணம், ஆனால் போனிலேயே இருந்துகொண்டு செய்ய வேண்டாம். கொக்குவிலிலிருந்து சோனகத் தெருவுக்குச் சைக்கிளில் போகலாம். ஐந்து சந்திப் பக்கம் திரும்பி வந்து குடியிருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. கமெரா, ரெக்கோடர் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். இன்ன நாடகம், இன்ன பாத்திரம் என்று முதலிலேயே சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுங்கள். லான்ஸ்மன் பொம்பாவை வற்புறுத்தியது சரிதானா என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. அவர் ஒரு பெரும் வரலாற்றைப் பதிவு செய்தார், உங்களுக்கு அந்த உரிமை இல்லை. 'அப்போது எப்படி உணர்ந்தீர்கள்' என்று யாரிடமும் கேட்காதீர்கள். அன்று காலையில் என்ன சமைத்திருந்தார்கள், பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், முதலில் எதைக் கையில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். கதை வருகிறதென்றால் அதற்குள்ளால் வரும். இயலுமானால் ஒரு ஒத்திகைக்கு அவர்களில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். காசிம் தன் மகளைக் கூப்பிடுகிற விதம் பிழையென்று அவர்கள் சொன்னால் வாதாடாமல் மாற்றுங்கள்.

கடைசிக் காட்சிக்கு நீங்கள் பார்த்த சாட்சியங்கள் உதவும் என்று சொன்னேன். அதற்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கிற இடங்களை நான்காகச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறர் முன் இழிவுபடுதல். அசைவு என்பது பழைய நிலை கெட்டு வேறொரு நிலைக்கு வருதல். உங்கள் அழுகை முழுக்க இழவு ஒன்றிலிருந்தே வருகிறது போலத் தெரிகிறது, செத்த வீட்டு அழுகை. வெளியேறும் வழியில் ஆட்களைச் சோதித்து நகையையும் காசையும் எடுத்தார்கள். உங்கள் நாடகத்தில் அந்த இடம் இருக்குமானால் அங்கே இருப்பது இளிவு. மனைவி பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு மனிதரின் மடியைத் தடவுகிறார்கள். அதில் கண்ணீரை விட முகச்சிவப்புத்தான் வரும். 2010இல் கூரையில்லாத வீட்டுக்குள் நிற்கிறபோது இருப்பது அசைவு. இருபது வருடத்தில் அவர் புத்தளத்தில் இன்னொரு கடை போட்டிருப்பார், பேரப்பிள்ளை பிறந்திருக்கும். யாழ்ப்பாணத்தான் என்று அங்கே சொன்னார்கள், புத்தளத்தான் என்று இங்கே சொல்கிறார்கள். நெறியாளரிடம் ஒன்று கேளுங்கள்: 2002 போர்நிறுத்தக் காலத்தில் சிலர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்களே, காசிமும் வந்தாரா? வந்திருந்தால் 2010இல் அந்தச் சுவர் அவருக்குப் புதிதல்ல. நடிப்பே மாறிவிடும்.

கண்ணீர் விடாவிட்டால் உண்மையாக நடிக்கவில்லை என்ற எண்ணம் சினிமாவிலிருந்து வந்தது. எங்கள் மண்ணில் அப்படி இல்லை. எங்கள் இசை நாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக வந்த மயான காண்டம் நாடகத்தைப் பார்த்த பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். சனம் விம்மி விம்மி அழுததாகச் சொல்வார்கள். அரிச்சந்திரன் மட்டும் சுருதி விலகாமல் பாடிக்கொண்டிருந்தார். தொண்டை அடைத்தால் பாட்டு எங்கே வரும்?

நித்திரை விசயம். இதை மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக எடுக்க வேண்டும். படுக்கையில் போனை வைத்துக்கொண்டு பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பகலில், வீட்டு ஆட்கள் நடமாடுகிற நேரத்தில், தேர்ந்தெடுத்த ஒரு காட்சியை மட்டும் பாருங்கள். புதுப் படம் ஒன்றும் வேண்டாம், பார்த்தது போதும். பார்த்து முடிந்ததும் எழும்பி வெளியே போங்கள், கோயில் வீதியில் ஒரு சுற்று நடந்தாலும் சரி. ஒத்திகை முடிந்ததும் காசிமின் சேட்டைக் கழற்றி மடித்து வைத்து, முகத்தைக் கழுவி, குழுவில் ஒருவர் உங்களை உங்கள் சொந்தப் பெயரில் கூப்பிட்டு நாளைய பஸ் நேரத்தையோ கிரிக்கெட்டையோ பற்றிக் கதைக்கட்டும். சிரிப்பாக இருக்கலாம், எங்கள் குழுக்களில் இதைக் கட்டாயமாகச் செய்கிறோம். அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் இரவில் அந்தப் படங்களைப் பார்க்கிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும், அவருடைய நித்திரை எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா?

இதையெல்லாம் செய்தும் இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை வராவிட்டால், அல்லது பார்த்த காட்சிகள் நினையாத நேரத்தில் கண் முன்னால் வந்தால், யாழ் போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். நாடகத்துக்காக நோயாளியாவது திறமையின் அடையாளம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மேடையேற்றத்தன்று ஒன்றும் பார்க்க வேண்டாம். நேரத்தோடு சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் முந்திப் போய் மேடையில் உள்ள துணிகளை நீங்களே அடுக்குங்கள். எந்தத் துணி யாருடையது, எதற்கு இன்னும் பட்டன் வைக்கவில்லை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வையுங்கள். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கிறபோது உங்கள் கையில் ஒரு சேட் இருக்கட்டும், கொலர் பாதி தைத்தபடி. அதை முடித்துவிட்டுப் போகலாமா என்று காசிம் முதலில் யோசிக்கட்டும்.